35 டிகிரி அறையில் ரைசன் 9 7950எக்ஸ்: கூலர் தேர்ந்தெடுத்த கதை

மதுரையில் ஒரு திருமணப் படப்பிடிப்பு ஸ்டூடியோவின் எடிட்டிங் கணினி, படங்களை மாற்றிச் சேமிக்கும் வேலையில், கத்திரி வெயில் காலத்திலும் செயலி 83 டிகிரியைத் தாண்டாமல் இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏசி கிடையாது. அறைக்கு நேர் மேலே மொட்டை மாடி. பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் கான்கிரீட் இரவு பத்து மணிக்கும் உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அறையின் வெப்பம் 35 டிகிரி. இந்த நிலைக்குக் கொண்டுவர ஆன செலவு 6,570 ரூபாய். செயலியைக் குளிரவைக்கும் கூலர் வாங்கப்போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது என்பது இந்த வேலையில் எனக்கு உறுதியாகிவிட்டது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கணினியின் செயலி ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ். 2022 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. 16 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் அலகுகள்), 32 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்). பெட்டியில் 170 வாட் என்று போட்டிருந்தாலும், முழு வேலையில் அது 230 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள திரை) பிபிடி என்று வரும் எண் இதுதான். வெப்ப எல்லை 95 டிகிரி. கூட 200 வாட் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு. கேபினெட்டின் முன்புறம் முழுவதும் கண்ணாடி; காற்று ஓரத்தில் உள்ள குறுகிய சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும். கணினியை ஒன்றுசேர்த்துக் கொடுத்த கடை, மூன்று விசிறி கொண்ட 360 மி.மீ. லிக்விட் கூலரை (பம்ப் தண்ணீரைச் சுற்றவிட்டு ரேடியேட்டரில் ஆறவைக்கும் வகை) அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பொருத்தியிருந்தது.

பழுது இருப்பது, வேலை நடக்கும்போதுதான் தெரிந்தது. 4கே கல்யாணப் படங்களை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எக்ஸ்265 என்ற சுருக்கும் முறைக்கு மாற்றிச் சேமிக்கும் வேலை, வழக்கமான நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தது. வெப்பத்தையும் மின்சாரத்தையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து பார்த்தால் செயலி 95 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. அது இழுக்கும் மின்சாரமோ 70 வாட்டுக்கும் கீழே. கூலர் வேலை செய்யாதபோது செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று பொருள்.

பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கக் கையே போதும். செயலியின் மேல் உட்கார்ந்திருக்கும் பம்ப் மூடி தொட முடியாத அளவுக்குச் சுட்டது. அங்கிருந்து கிளம்பும் இரண்டு குழாய்களும் முதல் நான்கு விரற்கடை தூரத்துக்கு வெதுவெதுப்பாக இருந்தன; அதற்கப்பால் ரேடியேட்டர் வரை அறை வெப்பம்தான். தண்ணீர் சுற்றியிருந்தால் ரேடியேட்டர் சுட்டிருக்க வேண்டும். திருப்புளியின் முனையைப் பம்ப் மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். விட்டு விட்டு ஒரு உறுமல், பிறகு நிசப்தம். மதர்போர்டில் பம்ப் இணைப்பை வேறு முனைக்கு மாற்றியும் பயாஸ் காட்டிய சுற்று எண்ணிக்கை பூஜ்யம். உத்தரவாதக் காலம் முடியவில்லை; மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் விசிறியோடு முழுத் தொகுப்பையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கும்போது ஸ்டூடியோக்காரர் காத்திருக்க முடியாது. "தம்பி, புதன்கிழமை பார்ட்டிக்கு ஆல்பமும் படமும் கொடுக்க வேண்டும், எதையாவது போட்டு ஓட்டிவிடுங்கள்" என்றார்.

எதையாவது போட எனக்கு மனமில்லை. கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொண்டேன்: செயலி இழுக்கும் வாட், கேபினெட்டுக்குள் கூலருக்குக் கிடைக்கும் உயரம், கூலர் உறிஞ்சப்போகும் காற்றின் வெப்பம். கூலர் பெட்டியின் மேல் 250 வாட், 260 வாட் என்று அச்சிட்டிருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. எந்த அறை வெப்பத்தில், எந்தச் செயலியில் அளந்தது என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான விதி ஒன்றும் கிடையாது. நாக்டுவா நிறுவனம் அப்படி வாட் எண் போடுவதையே தவிர்த்து, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகப் பொருத்தப் பட்டியல் தருகிறது. அது நேர்மையான முறை.

உயரத்தை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தேன். செயலியின் மேல்மூடியிலிருந்து பக்கவாட்டுக் கண்ணாடி வரை 165 மி.மீ. முதலில் மனதில் இருந்தது நாக்டுவா என்எச்-டி15. 2014 முதல் பெயர் வாங்கிய கூலர். உயரமும் சரியாக 165 மி.மீ. காகிதத்தில் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் அதன் முன் விசிறிக்குக் கீழே ராமுக்கு (நினைவகப் பட்டைகளுக்கு) கிடைக்கும் இடம் 32 மி.மீ.தான். இந்தக் கணினியில் இருந்த ஜி.ஸ்கில் டிரைடென்ட் இசட்5 ஆர்ஜிபி ராம் 44 மி.மீ. உயரம். விசிறியை 12 மி.மீ. மேலே ஏற்ற வேண்டும். அப்போது மொத்த உயரம் 177 ஆகிவிடும், கதவு மூடாது. கூலரின் உயரத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ராமின் உயரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். 33 மி.மீ., 35 மி.மீ. உயரமுள்ள ராம் வாங்கியிருந்தால் தேர்வு செய்ய இன்னும் நிறைய இடம் கிடைத்திருக்கும். ராமின் மேல் உள்ள அலங்காரத் தகட்டால் வேகத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

அதனால் வாங்கியது தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. உயரம் 155 மி.மீ., ஆறு ஹீட் பைப் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்), இரண்டு தகட்டுக் கோபுரம், இரண்டு 120 மி.மீ. விசிறி, உச்ச வேகம் நிமிடத்துக்கு 1,550 சுற்று. விலை 3,900 ரூபாய். லிக்விட் கூலரின் ரேடியேட்டரை எடுத்ததும் முன்பக்கம் காலியாகிவிட்டதால், காற்றை உள்ளே தள்ள ஆர்க்டிக் பி12 விசிறி இரண்டு, தலா 700 ரூபாய். எம்எக்ஸ்-4 தெர்மல் பேஸ்ட் (செயலிக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பசை) 480, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 160. இவற்றோடு 180 ரூபாய்க்கு, மீன்தொட்டிக்கு வைக்கும் ஒயர் உணரி கொண்ட டிஜிட்டல் வெப்பமானி ஒன்றும் வாங்கினேன். இந்தப் பட்டியலில் மிக அதிகமாகக் கற்றுக்கொடுத்தது அந்த 180 ரூபாய்ப் பொருள்தான்.

பொருத்துவதில், இந்தச் செயலி உட்காரும் ஏஎம்5 சாக்கெட் கொண்ட மதர்போர்டு முந்தைய ஏஎம்4-ஐவிடச் சுலபம். ஏஎம்4-இல் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றியதும் பின்தகடு கீழே விழுந்துவிடும். போர்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். ஏஎம்5-இல் பின்தகட்டைச் சாக்கெட்டே பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடிகளைக் கழற்றிவிட்டு, கூலரோடு வந்த தாங்கிகளை அதே துளைகளில் முறுக்கினால் போதும். பழைய கூலரை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தனக்கென்று தனிப் பின்தகடு கேட்கும் கூலர் ஏஎம்5-இல் உட்காராது.

செயலியின் உலோக மூடி ஓரங்களில் வெட்டு விழுந்து, அந்தப் பள்ளங்களில் சின்னஞ்சிறு பாகங்கள் தெரியும். பேஸ்ட் அதிகமானால் வழிந்து அங்கே போய்ச் சேரும். எம்எக்ஸ்-4 மின்சாரம் கடத்தாது, அதனால் ஆபத்தில்லை; ஆனால் பிறகு துடைத்தெடுப்பது பெரும்பாடு. நடுவில் ஒரு பொட்டு, நான்கு மூலைக்கும் சற்று உள்ளே தள்ளி நான்கு சிறு பொட்டுகள். கூலரை வைத்து ஒருமுறை இறுக்கி, உடனே கழற்றிப் பேஸ்ட் பரவியிருந்த விதத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் மெழுகிவிட்டதுபோல மெல்லிசாக, எதிர்ப்பக்கம் தடிப்பாக இருந்தது. ஒரு திருகை முழுவதும் முறுக்கிய பிறகு மற்றதைத் தொட்டதன் விளைவு. துடைத்து, மறுபடி பொட்டு வைத்து, இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கினேன். இந்த முறை சீராக இறங்கியது. முன் விசிறியின் கிளிப்பைச் சற்று மேலே ஏற்றி ராமைத் தாண்ட வைத்தபின், கண்ணாடிக்கும் விசிறிக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி மிஞ்சியது.

முதல் சோதனைக்கு எப்போதும் அதே கோப்பு: 4கே கல்யாணக் காட்சி, எக்ஸ்265, மெதுவான அமைப்பு. வெப்பமானியின் உணரியைக் கூலரின் முன் விசிறிக்கு ஒரு அங்குலம் முன்னால் தொங்கவிட்டு, தொடாதபடி டேப் ஒட்டினேன். அறை 35 டிகிரி. செயலி ஒரு நிமிடத்துக்குள் 95-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. ஸ்டூடியோக்கார அண்ணன் முகம் மாறிவிட்டது. பழைய பழுதே திரும்பிவிட்டது என்று நினைத்தார். வெப்ப எண்ணை விட்டுவிட்டு வாட் எண்ணைப் பார்க்கச் சொன்னேன்: 155. முன்பு 70-க்கும் கீழே இருந்தது. இந்தச் செயலியின் வடிவமைப்பே அப்படி. இடம் கிடைத்தால் 95 டிகிரி வரை ஏறி, அங்கே நின்றுகொண்டு எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவு ஓடும்; அந்த வெப்பத்தால் கேடு இல்லை என்று ஏஎம்டி வெளியிட்டபோதே சொல்லியிருக்கிறது. ஆகவே இரண்டு கூலர்களை இதில் ஒப்பிடும்போது "எத்தனை டிகிரி" என்பது பயனற்ற கேள்வி, இரண்டுமே 95 காட்டும். 95-இல் நிற்கும்போது எத்தனை வாட் ஓடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மீன்தொட்டி வெப்பமானி காட்டியது 46. அறை 35-ஆக இருக்கும்போது கூலர் உறிஞ்சும் காற்று 46 டிகிரி! கணினியின் உள்ளேயே காற்று 11 டிகிரி சூடேறிவிட்ட பிறகுதான் கூலரிடம் வருகிறது. முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி சுவரோரம் சாய்த்துவிட்டு அதே கோப்பை மறுபடி ஓட்டினேன். காற்று 38-க்கு இறங்கியது. செயலி அதே 95-இல் நின்றாலும் 178 வாட் ஓடியது. ஒரு ரூபாய் செலவில்லாமல் 23 வாட். இதையே கூலரை மாற்றிப் பெற வேண்டுமானால் பல ஆயிரம் ஆகும். குளிர்ந்த ஏசி அறையில், திறந்த மேசையில் வைத்து எடுத்த சோதனை எண்களைப் பார்த்து நம் ஊரில் கூலர் வாங்கினால் ஏமாற்றம் வருவதும் இதனால்தான். அங்கே 22 டிகிரிக் காற்று, இங்கே 46. அந்த 24 டிகிரி அப்படியே செயலியின் தலையில் ஏறும்.

கண்ணாடியை நிரந்தரமாக எடுத்துவிட்டு, அந்த அளவுக்குத் துளையிட்ட அலுமினியத் தகடு வெட்டிப் போட்டோம். தகடு 300 ரூபாய், பட்டறையில் வெட்டி ஓரம் மடக்க 150. உள்பக்கம் நைலான் கொசுவலை ஒட்டினேன். வலை போட்டதும் காற்றின் வெப்பம் அரை டிகிரிகூட ஏறவில்லை. அடைத்துக்கொள்ளும் தூசியோ உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது.

இதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியமான வேலை. பயாஸில் சக்தி எல்லையைக் குறைத்து அதே கோப்பை ஓட்டிப் பார்த்தேன். எல்லையைத் தொடாமல் விட்டபோது 178 வாட்டில் 44 நிமிடம். 105 வாட் ஈகோ முறையில் பிபிடி 142-ஆக மாறும். அப்போது 46 நிமிடம், வெப்பம் 83. 65 வாட் ஈகோ முறையில் பிபிடி 88. 54 நிமிடம், 65 டிகிரி. அதாவது கடைசி 36 வாட்டைச் செலவழித்து வாங்குவது இரண்டே நிமிடம். பிறகு 142-இலேயே நிறுத்தி, கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் கழித்தல் 15 கொடுத்தேன். கோர்களுக்குப் போகும் மின்னழுத்தம் சற்றுக் குறைவதால், அதே 142 வாட்டில் கூடுதல் வேகம் கிடைக்கும். நேரம் 44 நிமிடத்துக்குத் திரும்பியது, வெப்பம் 83-லேயே நின்றது. கழித்தல் 25-க்கும் போய்ப் பார்த்தேன். வேலையில்லாமல் சும்மா இருக்கும்போது கணினி தானாக மறுதொடக்கம் ஆனது. முழு வேலையில் தாங்குவதை வைத்து இதை முடிவுசெய்யக் கூடாது. கோர்சைக்ளர் மாதிரி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் மென்பொருளை ஓர் இரவு ஓடவிட வேண்டும்.

விசிறி இரைச்சலுக்கும் ஒரு சொல். இந்தச் செயலியின் வெப்பம் ஒரு நொடியில் 15 டிகிரி ஏறி இறங்கும். பயாஸின் இயல்பான அமைப்பில் விசிறி அதைத் துரத்திக்கொண்டு ஏறியும் இறங்கியும் ஊளையிடும். ஒலி எடிட் செய்கிறவருக்குத் தலைவலி. 75 டிகிரி வரை ஒரே வேகம், பாதி அளவு. அதற்கு மேல் 85-க்குள் படிப்படியாக முழு வேகம். வேகம் மாற சில நொடி தாமதம் என்று வைத்தேன். அறையில் மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி இப்போது இது கேட்பதில்லை.

சில வாரங்கள் கழித்து, உத்தரவாதத்தில் அனுப்பிய லிக்விட் கூலருக்குப் பதில் புதியது வந்தது. "பெரியதைப் போட்டுவிடலாமே தம்பி, சும்மாதானே கிடக்கிறது" என்றார் அண்ணன். ஒப்பிட நல்ல வாய்ப்பு என்று இந்த முறை ரேடியேட்டரை மேல்பக்கம் பொருத்தினேன். ரேடியேட்டரில் மிச்சமிருக்கும் காற்று எப்போதும் உயரமான இடத்துக்குப் போய்ச் சேரும்; அந்த உயரமான இடம் பம்பாக இருக்கக் கூடாது. மேல்பக்கத்தில் ரேடியேட்டர் 27, விசிறி 25, ஆக 52 மி.மீ. இடம் இருந்ததால் பிழைத்தோம். ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் III மாதிரி 38 மி.மீ. தடிப்புள்ள ரேடியேட்டர் என்றால் இந்தக் கேபினெட்டில் ராமோடு மோதியிருக்கும்.

முதல் பத்து நிமிடம் லிக்விட் கூலர் அழகாகத்தான் இருந்தது: 142 வாட்டில் 75 டிகிரி. அங்கேயே சோதனையை நிறுத்தியிருந்தால் அதையே வைத்துக்கொண்டிருப்போம். தண்ணீர் மெதுவாகச் சூடேறி, அரை மணி நேரத்தில் 80-இல் வந்து நின்றது. காற்றுக் கூலர் 83. வித்தியாசம் 3 டிகிரி. எல்லையை எடுத்துவிட்டு முழுச் சக்தியில் ஓட்டினால் 193 வாட், 43 நிமிடம் சொச்சம். காற்றுக் கூலரைவிட ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. லிக்விட் கூலரை அரை மணி நேரத்துக்குக் குறைவாகச் சோதித்து எடுக்கும் எந்த எண்ணையும் நான் இப்போது நம்புவதில்லை.

அவ்வளவு பெரிய ரேடியேட்டருக்கு இவ்வளவுதான் பலன் கிடைப்பதற்குக் காரணம் செயலிக்குள்ளேயே இருக்கிறது. வெப்பத்தில் பெரும்பகுதி பிறப்பது தலா சுமார் 70 சதுர மி.மீ. உள்ள இரண்டு சிறு சில்லுகளில். மேலே தடித்த உலோக மூடி. வெப்பம் அந்தச் சிறு பரப்பைக் கடந்து வருவதுதான் சிக்கல். குறுகிய வாயுள்ள குடத்தைக் கவிழ்த்தால், கீழே எத்தனை பெரிய அண்டாவை வைத்தாலும் தண்ணீர் அதே வேகத்தில்தான் வரும். இன்டெல் கோர் ஐ9-14900கே என்றால் என் பதில் வேறாக இருக்கும்: ஒரே பெரிய சில்லு, 253 வாட், அதையும் மீறி இழுக்க விடும் மதர்போர்டுகள் உண்டு. அங்கே 360 மி.மீ. லிக்விட் கூலருக்குக் கொடுக்கும் பணம் பலன் தரும். விளையாட்டுக்கு மட்டும் ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்குகிறவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். நடுத்தரக் காற்றுக் கூலரே மிகுதி.

லிக்விட் கூலரைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, காற்றுக் கூலரையே மறுபடி மாட்டினேன். 3 டிகிரிக்காக, முகூர்த்த நாளில் நின்றுவிடக்கூடிய ஒரு பம்பை நம்பியிருக்க எனக்கு விருப்பமில்லை. காற்றுக் கூலரில் கெடக்கூடியது விசிறி மட்டும். அது நின்றாலும் இன்னொரு விசிறி வேலையை இழுத்துக்கொண்டுபோகும். மாற்றுவதற்கு உள்ளூரில் 700 ரூபாய் போதும்.

மிச்சமிருக்கும் குறை கிராபிக்ஸ் கார்டு. வண்ணத் திருத்தம் செய்யும்போது கார்டும் செயலியும் ஒன்றாக உழைத்தால் கூலருக்கு வரும் காற்று 42-க்கு ஏறி, செயலி 87 காட்டுகிறது. ஆபத்தில்லாத எண்தான், ஆனால் குறைக்கலாம். அடுத்த முறை முதலில் வாங்கப்போவது கேபினெட்: முன்புறம் வலை, கூலருக்கு 175 மி.மீ.க்கு மேல் உயரம், கீழேயும் விசிறி பொருத்த இடம். அதோடு உயரம் குறைந்த ராம். இப்போதைக்கு, கார்டுக்குக் கீழே ஒரு விசிறியை நிறுத்தி அடிப்பக்கத்திலிருந்து காற்று ஊத முடியுமா என்று அட்டையை வெட்டி அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொசுவலையை மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷால் தட்டிவிடும் வேலையை ஸ்டூடியோவில் எடிட் செய்யும் பையன் ஏற்றுக்கொண்டிருக்கிறான். வெப்பமானியின் உணரி இன்னும் கூலருக்கு முன்னால்தான் தொங்குகிறது. படம் மாற்றும் வேலை மட்டும் ஓடும்போது 41-ஐத் தாண்டினால் எனக்குப் போன் வரும்.